பழம் தந்த ஊர், சோறு தந்த ஊர், நெய் தந்த ஊர்

திருவையாறு ஏழூர்த் தலங்களில் இரண்டு நாள் யாத்திரை

திருவையாற்றில் ஒரு கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை, நந்தியம்பெருமான். மணப்பெண், வியாக்கிரபாத முனிவரின் திருமகளான சுயசாம்பிகை. மாப்பிள்ளைக்குத் தந்தை ஸ்தானத்தில் இருந்து எல்லாவற்றையும் முன்நின்று நடத்தியவர் சாட்சாத் ஐயாறப்பர்.

கல்யாணம் என்றால் சும்மாவா? வருவோருக்கெல்லாம் விருந்து படைக்க வேண்டும்; மந்திரம் ஓத வேண்டும்; மணமக்களுக்கு நகையும் மாலையும் வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்கள் முன்வந்தன. திருப்பழனத்திலிருந்து பழங்கள் வந்தன. திருச்சோற்றுத்துறை சோறு அனுப்பியது. திருவேதிகுடி வேதியர்களை அனுப்பி வைத்தது. திருக்கண்டியூர் ஆபரணங்களையும், திருப்பூந்துருத்தி பூக்களையும், திருநெய்த்தானம் நெய்யையும் தந்தன. பங்குனி மாதம் புனர்பூச நன்னாளில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் திருமணம் இனிதே நிறைவேறியது. ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று இன்றும் தஞ்சைத் தரணியில் சொல்லி வருகிறார்கள்.

ஸ்தல புராணம் இத்துடன் நின்றுவிடவில்லை. அடுத்து வரும் சித்திரையில், ஐயாறப்பர் அம்பிகையோடும் புதுமணத் தம்பதியோடும் பல்லக்கில் ஏறி, உதவி செய்த ஆறு ஊர்களுக்கும் எழுந்தருளுகிறார். விருந்துக்குக் கொடுத்தவர்களின் வாசலுக்கே சென்று நன்றி தெரிவிப்பதற்காக இந்தப் பயணம் என்பது மரபு. இதுவே சப்தஸ்தானத் திருவிழா. ஊர் வழக்கில் ஏழூர்த் திருவிழா. ஒவ்வோர் ஊரிலும் அந்தந்தத் தலத்து இறைவனும் பல்லக்கில் உடன் சேர்ந்துகொள்வார். வழிநெடுக நீர்மோரும் பானகமும் கட்டுச்சோறும் அடியார்களுக்கு வழங்கப்படும். ஏழு பல்லக்குகளும் திருவையாறு வந்து சேர்ந்ததும், பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும் நிகழ்ச்சியோடு விழா நிறைவுறும்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் எங்கே போகலாம், வழியில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று இன்றைய குடும்பங்கள் தேடுகின்றன. அதில் தவறேதும் இல்லை. அத்தகையோருக்கு இந்த ஏழூர் வலத்தையே நான் பரிந்துரைப்பேன். ஏழு தலங்களும் தஞ்சாவூருக்கு வடக்கே ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ளன. ஏழும் தேவாரப் பாடல் பெற்றவை. நாம் உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே ஊர்ப்பெயர்களே சொல்லிவிடுகின்றன.

பெரிய கோயிலில் ஒரு வட்டிக் கணக்கு

சென்னையிலிருந்து வருவோர் வெள்ளி இரவு உழவன் விரைவு ரயிலில் ஏறினால், சனிக்கிழமை விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கலாம். நெல் விளையும் நாட்டுக்குச் செல்லும் வண்டிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! குளித்துவிட்டு நேரே பெருவுடையார் கோயிலுக்குச் சென்றுவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் அந்தக் கற்தளத்தில் நடப்பதே ஒரு சுகம்.

முதலாம் இராஜராஜ சோழனால் 1010-ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற இக்கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. நான் வங்கியில் பணியாற்றியவன் ஆகையால், என் கண்கள் கீழே, அடித்தளத்துக் கல்வெட்டுகளின் பக்கமே செல்லும். இறைவனுக்கு அன்றாடம் படைக்க வேண்டிய அமுதின் பட்டியல் அங்கே வெட்டப்பட்டுள்ளது. பழைய அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, மிளகு, சீரகம், புளி, நெய், தயிர், சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு இவ்வளவு என்று ஒரு குடும்பத் தலைவி மளிகைக் கணக்கு எழுதுவதைப் போன்ற நுணுக்கம். நெல்லை அளந்த மரக்காலுக்கே ‘ஆடவல்லான்’ என்று இறைவனின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அளப்பதில் ஒரு பிடி குறைந்தாலும் அது ஆடவல்லானுக்குச் செய்த குறை ஆகிவிடும் அல்லவா?

இந்தச் செலவுகளுக்குப் பணம் எப்படி வந்தது என்பது இன்னும் சுவையானது. மன்னரும் மற்றவர்களும் அளித்த பொற்காசுகளை ஊர்ச்சபைகளிடமும் வணிகர்களிடமும் முதலீடாகக் கொடுத்து வைத்தார்கள். வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அதாவது 12½ சதவிகிதம். எடுத்துக்காட்டாக, பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைப்பதற்காகத் தஞ்சை வணிகர்களிடம் 360 காசு ஒப்படைக்கப்பட்டது. ஆண்டு வட்டி 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்பது விலை. ஆக 54,000 பழம். 360 நாளுக்கு வகுத்தால், நாளொன்றுக்குச் சரியாக 150! முதல் குறையாமல், பிள்ளையாரின் பழமும் குறையாமல், ஊர் வாணிபமும் தழைக்கும்படி போட்ட இந்தக் கணக்கைப் பார்த்து, பல ஆண்டுகள் பேரேடு புரட்டிய நான் கைகூப்பி நின்றிருக்கிறேன்.

ஐப்பசிப் பௌர்ணமியில் வருவோர் பெருவுடையாருக்கு நடைபெறும் அன்னாபிஷேகத்தைத் தரிசிக்கலாம். ‘சோறு கண்ட இடம் சொர்க்கம்’ என்ற பழமொழிக்கு, அன்னம் சாத்திய சிவலிங்கத்தைக் கண்டவருக்குச் சொர்க்கம் என்று பொருள் சொல்வார்கள் பெரியோர்.

தரிசனம் முடிந்ததும் காலைச் சிற்றுண்டி. இட்லியும் வெண்பொங்கலும் எங்கும் கிடைப்பவைதாம். ஆனால் காவிரிக் கரை உணவகங்களில் ‘கடப்பா’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்த நிலையில், தேங்காயும் பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்துவிட்டுச் செய்வது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாந்தமான சுவை. வெங்காயம், பூண்டு சேர்ப்பார்கள் என்பதால் விரதம் இருப்போர் மட்டும் தவிர்த்துவிடலாம். சாம்பாரே தஞ்சை மராட்டிய அரண்மனைச் சமையலறையில் பிறந்தது என்று ஒரு கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. கதை எப்படியிருப்பினும், இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையல் முறைகளைக் கூறும் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் நூலைச் சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. சமையற்கலையில் நாட்டமுள்ளோர் விசாரித்து வாங்கலாம்.

ஐந்து ஆறுகளைக் கடந்து

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். குழந்தைகள் உடன் வந்தால் பாலங்களை எண்ணச் சொல்லுங்கள். ஐயாறு என்ற பெயரை அவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள். சாலையின் இருபுறமும் வயல்கள். ஆடியில் நாற்றங்கால், ஐப்பசியில் பச்சை, தையில் பொன்னிறம் என்று மாதத்துக்கு ஒரு கோலம்.

மூன்று ஆறுகளைத் தாண்டியதும் திருக்கண்டியூர். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. பிரமனின் செருக்கை அடக்க, அவரது ஒரு சிரத்தைக் கொய்த தலம். ஆகவே சுவாமி பிரம்மசிரகண்டீஸ்வரர், அம்பாள் மங்களாம்பிகை. அருகிலேயே ஹரசாப விமோசனப் பெருமாளின் திவ்யதேசம். சிவனுக்கு நேர்ந்த சாபத்தைப் பெருமாள் நீக்கியதாக வரலாறு. ஒரே ஊரில் இரு தரிசனம். நந்தி கல்யாணத்துக்கு ஆபரணம் தந்த ஊர் இது.

அங்கிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளி சாலையில் சிறிது தொலைவில் திருப்பூந்துருத்தி. புஷ்பவனநாதர், சௌந்தரநாயகி அம்பாள். பெயருக்கேற்பப் பூ அனுப்பிய ஊர். அப்பர் பெருமான் திருமடம் அமைத்துத் தங்கிய தலமும் இதுவே. தம்மைக் காண முத்துச்சிவிகையில் வந்த திருஞானசம்பந்தரை எதிர்கொள்ளச் சென்ற அப்பர், கூட்டத்துக்குள் புகுந்து, யாரும் அறியாமல் சிவிகை தூக்குவோருள் ஒருவராகத் தாமும் தோள் கொடுத்தார். ‘அப்பர் எங்குற்றார்?’ என்று சம்பந்தர் வினவ, ‘உம் அடியேன் இங்குற்றேன்’ என்ற பொருளில் சிவிகையின் கீழிருந்து குரல் எழுந்ததாம். முதியவர் இளையவரைச் சுமந்த அந்த மண்ணில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள்.

பன்னிரண்டு மணிக்குள் திருவையாற்றை அடைந்துவிட்டால் மதிய உணவு. அலங்காரமான உணவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வாழையிலை போட்டுப் பரிமாறும் எளிய மெஸ் எதுவாயினும் போதும். இது வாழை விளையும் கரை. வாழைப்பூ பருப்பு உசிலியோ, வாழைத்தண்டுப் பொரியலோ அன்றைக்கு இருந்தால் அது உங்கள் பாக்கியம். வத்தக்குழம்பு, ரசம், கெட்டி மோர் என்று முறையாக உண்டு, இறுதியில் கும்பகோணம் வெற்றிலை இரண்டு. அண்மையில் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தளிர் வெற்றிலை காவிரிக் கரையின் வண்டலில் விளைவது.

இரு நாழி நெல்லில் முப்பத்திரண்டு அறம்

நான்கு மணிக்குமேல் ஐயாறப்பர் சந்நிதி. கயிலைக்குச் செல்ல விரும்பி, நடக்கவும் இயலாமல் உடல் தேய்ந்த அப்பர் பெருமானுக்கு, இறைவன் இத்தலத்திலேயே கயிலைக் காட்சி தந்தருளினார். ஆடி அமாவாசையில் அந்த ஐதீகம் இங்கு விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

அம்பாளின் திருநாமம் அறம்வளர்த்த நாயகி, வடமொழியில் தர்மசம்வர்த்தனி. ஈசன் அளந்து கொடுத்த இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தவள் என்பது ஐதீகம். அந்த முப்பத்திரண்டில் பசித்தவருக்குச் சோறிடுவதும் உண்டு, பசுவுக்கு வாயுறை கொடுப்பதும் உண்டு. கையில் இருப்பது இரு நாழிதானே என்று அவள் தயங்கவில்லை. நம் வீட்டு அரிசிப் பாத்திரத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

கோயிலிலிருந்து காவிரிக் கரைக்கு நடந்தால் சத்குரு தியாகராஜ சுவாமிகளின் சமாதி. 1767 முதல் 1847 வரை வாழ்ந்த அம்மகான், அரசவையின் அழைப்பை ஏற்காமல், இத்தெருக்களில் ராமநாமம் பாடி உஞ்சவிருத்தியில் கிடைத்த அரிசியைக் கொண்டே வாழ்ந்தார். ஒவ்வோர் ஆண்டும் புஷ்ய பகுள பஞ்சமியில் அவருக்கு ஆராதனை நடைபெறுகிறது. அவரது கீர்த்தனைகளைக் கேட்டு உருகும் நாம், அன்றைக்கு அவரது சொம்பில் ஒரு பிடி அரிசி இட்ட திருவையாற்று இல்லத்தரசிகளையும் ஒரு கணம் நினைக்கலாம். அவர்களுக்கும் அந்தச் சங்கீதத்தில் பங்குண்டு.

மாலையில் கடைத்தெரு. திருவையாறு என்றாலே அசோகா! வறுத்த பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, கரண்டியில் ஒட்டாமல் நெய் பிரியும் வரை கிளறுவார்கள். ஏலக்காயும் முந்திரியும் மேலே. வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துக் கொடுக்கும்போது, அல்வாவைப் போல இழுக்காது. நாவில் பட்டதும் கரையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் (நானும் அக்கூட்டத்தில் ஒருவன்) ஒரு துண்டை இருவராகப் பகிர்ந்துகொள்ளலாம். நானும் என் மனைவியும் அப்படித்தான் செய்கிறோம். பாதி எது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தாவா தீரவில்லை.

நெய்யும் பழமும்

ஞாயிறு அதிகாலை, காவிரியின் வடகரையிலேயே மேற்கே இரண்டு கிலோமீட்டர் சென்றால் தில்லைஸ்தானம். இதுவே பதிகங்கள் கூறும் திருநெய்த்தானம். சுவாமி நெய்யாடியப்பர், நெய் அபிஷேகம் இங்கு விசேஷம். கூட்டமில்லாத சந்நிதி, விளக்கொளியில் நெய் மின்னும் லிங்கத் திருமேனி. கல்யாண விருந்துக்கு நெய் தந்த இந்த ஊருக்குச் செல்லும்போது, நல்ல நெய் சிறிது வாங்கிச் சென்று விளக்குக்குக் கொடுங்கள்.

மீண்டும் திருவையாறு வந்து, கிழக்கே கும்பகோணம் சாலையில் சென்றால் திருப்பழனம். ஆபத்சகாயேஸ்வரர் கோயில். பழம் தந்த ஊர். அதற்கு மிக அருகே, சந்திரன் வழிபட்ட திங்களூர். நவக்கிரகத் தலமாக மட்டுமே பலரும் திங்களூரை அறிந்திருக்கிறார்கள். ஆனால் விருந்தோம்பலைப் பற்றி எழுதும் எவரும் திங்களூரின் அப்பூதி அடிகளைச் சொல்லாமல் போக முடியாது.

அப்பரை நேரில் கண்டறியாமலே, தம் பிள்ளைகளுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயர் சூட்டியவர் அப்பூதியார். வழிநடையாக வந்த அப்பர் தண்ணீர்ப் பந்தலில் தம் பெயர் கண்டு வியந்து, அவர் இல்லம் சென்றார். விருந்து ஆயத்தமாயிற்று. வாழைக்குருத்து அரியத் தோட்டத்துக்குச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. அவன் ஓடிவந்து இலையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு உயிர் நீத்தான். அடியவர் உணவு தடைபடக் கூடாதே என்று, பெற்றோர் மகனின் உடலை மறைத்து வைத்துவிட்டு இலை போட்டார்கள். உண்மையை உணர்ந்த அப்பர், இறைவனைப் பாடி, மகனை உயிர்ப்பித்த பின்னரே அமுதுண்டார்.

சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது பாம்பும் பதிகமுமே என் மனத்தில் நின்றன. இப்போது இச்சாலையின் இருபுறமும் வாழைத்தோட்டங்களைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை கீழே விடாமல் கொண்டுவந்து கொடுத்த இலைதான் நினைவுக்கு வருகிறது.

சோற்றுத்துறையில் என் பாக்கி

திருவையாறு, கண்டியூர் வழியே திரும்பிவந்து கிழக்கே பிரிந்தால், குடமுருட்டியின் தென்கரையில் திருச்சோற்றுத்துறை. சுவாமி ஓதனவனேஸ்வரர். ஓதனம் என்றால் சோறு. தொலையாச் செல்வர் என்பது அழகிய தமிழ்ப் பெயர். அம்பாள் அன்னபூரணி. அருளாளன் என்னும் அடியவர், நாடு பஞ்சத்தில் வாடியபோது, ‘வருவோருக்கு அன்னமிட முடியவில்லையே’ என்று கதறினார். இறைவன் அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரத்தை அவருக்கு அருளி, ஊரின் பசி தீர்த்தார். தம் பசிக்காக அவர் அழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தலத்துக்கும் எனக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 2012-ஆம் ஆண்டில், வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று. செப்டம்பரில் திறந்த நீரை நம்பிச் சம்பா விதைத்தார்கள், பருவமழையும் கைகொடுக்கவில்லை. அந்தப் பயிர்கள் கருகி நின்ற மார்கழியில், பயிர்க்கடன் கள ஆய்வுக்காக இப்பகுதிக்கு வந்திருந்தேன். சிட்டாவையும் அடங்கலையும் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தோம். ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்த பெரியவர் ஒருவர் கூட வந்தார். கதிர்கள் பால் பிடிக்காமல் பதராக நின்றன. அவர் ஒன்றும் முறையிடவில்லை. ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிக் காட்டினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு அழைத்தார். திண்ணையில் அமர்ந்தேன். அவருடைய மனைவி பழைய சோறும் மோரும், ஒரு துண்டு நார்த்தங்காயும் கொண்டுவந்து, “ரேஷன் அரிசிதான் சார், ஆனா நல்லா ஊறியிருக்கு” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உள்ளே மூலையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு சிறு பானை இருந்தது. என் பார்வை அங்கே போனதைப் பெரியவர் கவனித்துவிட்டார். “அது போன வருஷத்து நெல்லு சார். சாமிக்குன்னு அளந்து வெச்சது. அதைத் தொடமாட்டோம்” என்றார்.

கடன் வாங்கியவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பணியில் நான் எனக்கே விதித்துக்கொண்ட நெறி. “சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்” என்று பொய் சொன்னேன்.

“சோத்துத்துறைக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போனா, எங்க ஊருக்கு என்ன சார் மருவாதி?”

“இன்னொரு நாள் வருகிறேன்” என்று எழுந்துவிட்டேன். அந்த அம்மாள் சோற்றை மூடி உள்ளே எடுத்துச் சென்றதை நான் இன்னும் மறக்கவில்லை. நெறி சரியானதுதான். வங்கி அதிகாரி என்ற முறையில் இன்றும் அதையே சொல்வேன். ஆயினும், ஒரு வாய் மோராவது குடித்திருக்கலாம்.

ஓய்வு பெற்றபின், என் மனைவியோடு முதன்முறையாக ஏழூர் வலம் வந்தபோது அந்த வீட்டைத் தேடிச் சென்றேன். பூட்டியிருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார் என்றும், அம்மாளை அழைத்துக்கொண்டு மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றும் எதிர்வீட்டுப் பெண்மணி தெரிவித்தார். “கடன் விஷயமா வந்தீங்களாய்யா?” என்று அவர் கவலையோடு கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இல்லையம்மா, தெரிந்தவர், பார்க்கலாம் என்று வந்தேன்” என்றேன். எங்களை உட்கார வைத்து ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்தார். இம்முறை நான் மறுக்கவில்லை.

பிறகு கோயிலுக்குச் சென்று, ஒரு நாள் நைவேத்தியத்துக்கான அரிசிக்குக் குருக்களிடம் பணம் கொடுத்தேன். பெரியவரின் பெயரில் அர்ச்சனை செய்யச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்தார். அன்றுமுதல் ஆண்டுக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்து வருகிறேன். இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் எண்ணவில்லை. ஐயாறப்பரே பல்லக்கில் ஏறி, கொடுத்தவர் வாசலுக்குச் சென்று நன்றி சொன்ன வழியில், நான் தாமதமாகவேனும் நடக்கிறேன் என்பதே என் ஆறுதல்.

நிறைவாகத் திருவேதிகுடி. வேதபுரீஸ்வரர், மங்கையர்க்கரசி அம்பாள். வேதியரை அனுப்பி வைத்த ஊர். திருமணத் தடை நீங்க வேண்டுவோர் இங்கு வழிபடுகின்றனர். நண்பகல் நடை சாத்துவதற்குள் தரிசித்துவிட்டால் ஏழூர் வலம் பூர்த்தி.

இலையை வழிப்பதற்கு முன்

ஊர் திரும்பும் வழியில் தஞ்சையில் மதிய உணவு. இலையில் சோறு விழும்போது, அது எந்த அரிசி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த ‘நெல்’ ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் விதைத்தவை வீண்போகவில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா முதலிய அரிசிகள் இன்று தஞ்சை, கும்பகோணம் கடைகளில் கிடைக்கின்றன. பொம்மையும் தட்டும் வாங்குவதோடு, ஐந்து கிலோ அரிசியும் வாங்கிச் செல்லுங்கள். வெற்றுப் புகைப்படத்தைவிட அது வீட்டில் அதிக நாள் பயணத்தை நினைவூட்டும். இவ்வூர் உழவருக்கும் அதனால் பயன் உண்டு.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

* தஞ்சாவூரில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு. அங்கேயே தங்கி, இரு நாளும் வாடகைக் காரில் சென்று வரலாம். திருவையாற்றுக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. உள்ளூர்த் தலங்களுக்கு ஆட்டோ வசதி.

* நண்பகலில் எல்லாக் கோயில்களிலும் நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணிக்குமேல் திறப்பார்கள். சோற்றுத்துறை, வேதிகுடி போன்ற சிற்றூர்களில் ஒரே குருக்கள் பல கோயில்களைக் கவனிப்பதுண்டு. முன்கூட்டி விசாரித்துச் செல்வது நலம். காத்திருக்க நேர்ந்தால் கோபம் வேண்டாம்.

* தட்டில் தாராளமாகப் போடுங்கள். வருமானம் குறைந்த கோயில்களில் விளக்கெரிவது அதனால்தான்.

* தமிழக அரசின் கோயில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. அத்திட்டம் உள்ள பெரிய கோயில்களில் ஒரு வேளை அன்னதானப் பந்தியில் எல்லோருடனும் அமர்ந்து உண்ணுங்கள். வேண்டிய அளவே வாங்குங்கள், வீணாக்காதீர்கள்.

* ஆற்றங்கரையிலும் வயல் ஓரத்திலும் பிளாஸ்டிக் குப்பையைப் போடாதீர்கள். வாழையிலையில் கட்டிய கட்டுச்சோறு எடுத்துச் சென்றால் இலையைப் பசுமாடு தின்றுவிடும்.

* சித்திரை ஏழூர்த் திருவிழாவின்போது செல்ல முடிந்தால் பெரும் பேறு. கூட்டம் மிகுதியாக இருக்கும். முதியோரும் குழந்தைகளும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வழியில் யாரேனும் ஒரு சொம்பு மோர் நீட்டினால், தயவுசெய்து வாங்கிக் குடித்துவிடுங்கள். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் உங்கள் இல்லத்து அரிசிப் பானை என்றும் குறையாதிருக்க அருள்புரிவார்களாக.